ஓதம் ஏறிய சுவரும் சுண்ணாம்புப் பூச்சும்: ஜெலுத்தோங் வீட்டில் செய்து பார்த்தது

நாங்களே சுண்ணாம்பு பூசிய சாமி மேடைச் சுவர் இந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மழையைத் தாங்கிவிட்டது. பினாங்கில் மழை அதிகம் கொட்டுவது அந்த இரண்டு மாதங்களில்தான். சுவரில் உப்பு பூக்கவில்லை, பூச்சு உப்பவில்லை, அடியில் கறை ஏறவில்லை. இனி இதைத் தைரியமாக எழுதலாம் என்று தோன்றியது. பழைய செங்கல் வீட்டில் குடியேறி, தரையிலிருந்து ஈரம் ஏறும் சுவரோடு போராடுகிறவர்கள் இங்கே நிறைய பேர். அவர்களில் ஒருவருக்காவது இது பயன்பட வேண்டும் என்பது என் ஆசை.

நாங்கள் கிள்ளானிலிருந்து வந்தவர்கள். வீட்டுக்காரருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. பள்ளி விடுமுறையில் லோரி ஏற்றி, பாலம் கடந்து தீவுக்குள் வந்தோம். பிள்ளைகள் சீக்கிரமே வடக்கத்தி மலாய்க்கு மாறிவிட்டார்கள். "ஹாங்", "டெப்பா" என்று பேசுவதைக் கேட்டால் இங்கேயே பிறந்தவர்கள் என்று நினைக்கத் தோன்றும். வீடு பழகுவதற்குத்தான் நாளானது.

ஜெலுத்தோங் பக்கத்தில் ஒரு பழைய வரிசை வீடு, கோடி வீடு. போருக்கு முந்திய கட்டடம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். இந்த வகை வீடுகளின் சுவர் ஏன் இப்படி ஈரம் ஏறிக் கிடக்கிறது என்பதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. வாடகை ஏறாததால் உரிமையாளர்கள் பராமரிப்பில் பணம் போடவில்லை. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அதன் பிறகு பல வீடுகளை அவசர அவசரமாகப் புதுப்பித்தார்கள். புதுப்பித்தல் என்றால் பெரும்பாலும் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டுச் சிமெண்டு பூசுவது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது.

பால் காய்ச்சிய அன்றே அத்தை கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாமி கிழக்கு பார்க்க வேண்டும், அதனால் மேடை மேற்குச் சுவரில்தான் என்று சொல்லிவிட்டார். அந்த மேற்குச் சுவர்தான் பிரச்சினைச் சுவர். பக்கத்துச் சந்தோடு ஒட்டிய வெளிச்சுவர், கூடத்தில் 3.6 மீட்டர் நீளம். தரையிலிருந்து ஏறக்குறைய 1.1 மீட்டர் உயரம் வரை பழுப்புக் கறை, அதன் மேல் விளிம்பில் பஞ்சு போல் வெள்ளை உப்பு. பெயிண்ட் கொப்பளித்துத் தகடு தகடாக வந்தது. வேறு சுவர் பார்ப்போமே என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். அத்தை மசியவில்லை. எனக்கும் அந்தச் சுவரை விட்டுவிட மனமில்லை. கூடத்தில் காலை வெளிச்சம் படுகிற சுவர் அது ஒன்றுதான்.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தோம். பெயிண்டைச் சுரண்டி, நீர் புகாத பூச்சு என்று டின்னில் விற்பதை இரண்டு கை அடித்து, மேலே சாதாரண பெயிண்ட். பொருள் செலவு மட்டும் 380 வெள்ளி (ரிங்கிட்). சில வாரம் அழகாக இருந்தது. அப்புறம் கறை பூச்சுக்கு மேலே, இன்னும் ஓர் அடி உயரத்தில் புதிதாகத் தெரிந்தது. கீழே வெளியேற வழி அடைபட்டதும் ஈரம் மேலே ஏறி அங்கே வெளியேறியிருக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டதுதான் மொத்த வேலைக்கும் திருப்பம். குத்தகைக்காரர் ஒருவர் சுவரில் துளை போட்டு மருந்து ஏற்றுவதாக 2,800 வெள்ளி கேட்டார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர் பார்க்கவே இல்லை. வெளிப்பக்கம் போய் எட்டிக்கூடப் பார்க்காதவரிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

எதிர் வரிசையில் ஒரு சீன அங்கிள் இருக்கிறார். இளம் வயதில் பூச்சு வேலை பார்த்தவர். ஒரு நாள் மாலை நடை போகும்போது வாசலில் நின்று சுவரைப் பார்த்தார். விரல் மடக்கித் தட்டினார், டொக் டொக் என்று வெற்றொலி வந்தது. "சிமெண்டு ஜாங்கான். பாக்காய் காப்பூர்," என்றார். சிமெண்டு வேண்டாம், ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்பு போடு. அதோடு நிற்காமல் வெளியே கூட்டிக்கொண்டு போய், தரையைப் பார் என்று கை காட்டினார்.

வெளியே பார்த்தபோது விஷயம் தெளிவானது. வீட்டுக்கும் சந்துக்கும் நடுவே எங்கள் எல்லைக்குள் மூன்றடி இடம் இருக்கிறது. முன்பு இருந்தவர்கள் அதைச் சுவர் ஒட்டச் சிமெண்டு போட்டு மூடியிருந்தார்கள். ரசமட்டத்தை வைத்து, ஒரு தெளிவான குழாயில் தண்ணீர் நிரப்பி, உள்தரையையும் வெளித்தரையையும் ஒப்பிட்டேன். வெளித்தரை 70 மில்லிமீட்டர் உயரம். அதன் சரிவும் லோங்காங் (வடிகால்) பக்கம் இல்லை, சுவர்ப் பக்கம். போதாததற்குக் கூரைத் தண்ணீர்க் குழாய் முழங்கை மூட்டில் விரிசல் விட்டு, மழை பெய்யும்போதெல்லாம் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே ஒரு சின்ன சோதனையும் செய்தேன். அரை மீட்டர் சதுரம் அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டேன். தாளின் வெளிமுகத்தில் நீர் பூத்திருந்தால் அது காற்றின் ஈரம். சுவர் பக்கம் பூத்திருந்தால் சுவரின் ஈரம். எங்களுக்குச் சுவர் பக்கம். 65 வெள்ளிக்கு ஈரமானி ஒன்றும் வாங்கினேன். இரண்டு முள் குத்துகிற வகை. அது மரத்துக்குச் செய்த கருவி, செங்கல்லில் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. உப்பு இருந்தால் கூடுதலாகவே காட்டும். ஆனால் ஒரே இடத்தில் வாராவாரம் குத்திப் பார்த்து எண் இறங்குகிறதா என்று கவனிக்க அது போதும். சுவரில் பென்சிலால் ஒன்பது புள்ளி குறித்து, அவற்றில் மட்டும் பார்த்தேன்.

ஜனவரியில் மழை குறைந்ததும் வெளி வேலையைத் தொடங்கினோம். இதற்கு மட்டும் ஆள் வைத்தோம். சிமெண்டுத் தரையைச் சுவர் ஓரமாக 150 மில்லிமீட்டர் அகலத்துக்கு இயந்திரத்தால் அறுத்து, 200 மில்லிமீட்டர் ஆழம் தோண்டிக் கொடுத்தார். கூலி 250 வெள்ளி. அந்தப் பள்ளத்தில் 20 கிலோ மூட்டை எட்டு, சல்லிக் கல் நிரப்பினோம். மண் கொட்டக்கூடாது, சல்லிதான், தண்ணீர் நிற்காமல் இறங்கவும் சுவரின் அடி காற்றில் காயவும். பள்ளத்தின் அடி லோங்காங் பக்கம் சரிய வேண்டும். அஸ்திவாரத்துக்குக் கீழே போகும்படி தோண்டவே கூடாது. குழாய் மூட்டை மாற்றி, கீழ் வளைவைச் சுவரிலிருந்து விலக்கி நேராக லோங்காங்கில் விட்டது வீட்டுக்காரர். குழாயும் வளைவும் 70 வெள்ளி.

அப்புறம் உள்ளே. அந்தச் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. ஈரச் சுவரில் மின்சாரத்தோடு விளையாட முடியாது. உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு இணைப்பை எடுத்துவிட்டோம், 120 வெள்ளி. பிறகு சிமெண்டுப் பூச்சைக் கொத்த ஆரம்பித்தோம். புதிய கறையையும் சேர்த்து, அதற்கு மேலே ஒரு கை அகலம் விட்டு, மொத்தம் 1.7 மீட்டர் உயரம் வரை. இயந்திரம் வேண்டாம் என்று அங்கிள் கண்டிப்பாகச் சொன்னார். பழைய செங்கல் மிருதுவானது. அதிர்ச்சியில் முகம் பெயர்ந்துவிட்டால் அது இன்னும் அதிகமாக ஈரம் குடிக்கும். அகல உளி, ஒரு கிலோ சுத்தியல், பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாய்வாக வைத்துத் தட்ட வேண்டும். வெற்றொலி கேட்ட இடங்கள் பெரிய பெரிய பாளமாக வந்தன. நன்றாக ஒட்டியிருந்த மேல் பகுதிதான் கையை உடைத்தது. பூச்சுக்குப் பின்னால் செங்கல் கறுப்பாக நனைந்திருந்தது. செங்கல் இடுக்கில் இருந்த பழைய சுண்ணாம்புச் சாந்து விரலால் நோண்டினாலே வந்தது. அதில் சிப்பித் துண்டுகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. இடுக்குகளை 15 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டிவிட்டோம், புதிய சாந்து பற்றிக்கொள்ள.

இதற்குப் பிறகு செய்த வேலை, சும்மா விட்டதுதான். இதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். செங்கல்லை வெறுமனே காயவிட்டு, மேலே பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தட்டித் தட்டி முறத்தில் பிடித்து வெளியே கொட்டினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். தைப்பூசத்துக்குள் மேடை வைத்துவிட வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. வெள்ளித் தேர் தண்ணீர்மலைக்குப் போகும் நாளில் வீட்டில் விளக்கேற்ற மேடை இல்லையே என்று வருந்தினார். சாப்பாட்டு அறையில் ஒரு சின்ன மேசையில் தற்காலிகமாகப் படங்களை வைத்தோம். சுவர் காயாமல் பூசுவதில்லை என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஈரமானியில் எண்கள் இறங்கி, இறங்குவது நின்று, ஒரே அளவில் இருக்கத் தொடங்கிய பிறகுதான் சாந்து குழைத்தோம்.

சுண்ணாம்பு வாங்குவதில் ஒரு பெரிய குழி இருக்கிறது. கடையில் "காப்பூர்" என்று கேட்டால் இரண்டு விதமான மூட்டை வரும். ஒன்று தோட்டத்துக்குப் போடுவது, எண்ணெய்ப் பனைக்கும் டுரியான் மரத்துக்கும் மண்ணின் புளிப்பைக் குறைக்க. அது வெறும் அரைத்த சுண்ணாம்புக்கல். குழைத்துப் பூசினால் இறுகாது, காய்ந்ததும் பொடியாக உதிரும். நமக்கு வேண்டியது சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. மூட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டும் வெள்ளைப் பொடி. எங்களுக்கு முதலில் வந்தது தோட்டத்து மூட்டை.

கண்டுபிடித்தது அத்தை. வெற்றிலைப் பழக்கம் உள்ளவர், ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, இது சுண்ணாம்பு இல்லையே என்றார். பிறகு கிண்ணத்தில் மஞ்சள் தூளைக் கரைத்து அதில் கொஞ்சம் போட்டார். நிறம் மாறவில்லை. ஆலத்தி சுற்றுகிற எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்க வேண்டும். நான் இன்னொரு கிண்ணத்தில் வினிகர் ஊற்றிப் பார்த்தேன், பொங்கி நுரைத்தது. கல்பொடி நுரைக்கும். புதிதாக நீற்றிய சுண்ணாம்பு அப்படி நுரைக்காது. மாற்றி வாங்கி வந்த மூட்டையில் மஞ்சள் தண்ணீர் குப்பென்று இரத்தச் சிவப்பானது. கடைக்குப் போகும்போது ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள் தூள் கொண்டு போங்கள். மூட்டையும் பழையதாக இருக்கக்கூடாது. காற்றுப் பட்டுப் பட்டு அது மறுபடியும் கல்லாகத் திரும்பிக்கொண்டிருக்கும்.

20 கிலோ மூட்டை இரண்டு, ஒன்று 22 வெள்ளி. மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு பொடியைத் தூவிக் கலக்கி, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தோம். ஒரு நாள் ஊறினாலே பயன்படுத்தலாம். நாங்கள் சுவர் காயக் காத்திருந்த வாரங்கள் முழுக்க ஊறவிட்டோம், வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். கண்ணாடி, ரப்பர் கையுறை, முகமூடி இல்லாமல் யாரும் தொட்டியருகே போகக்கூடாது என்று வைத்திருந்தோம். கழுவ ஒரு வாளி நல்ல தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருந்தது. பிள்ளைகளுக்கு அந்த அறையில் அனுமதியே இல்லை.

கலவை ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். எடையில் இல்லை, அளவில், ஒரே வாளியால். மணல் கழுவிய ஆற்று மணலாக, கொரகொரப்பாக இருக்க வேண்டும். கடல் மணல் கூடவே கூடாது, அதிலேயே உப்பு. 25 கிலோ பை ஒன்பது வாங்கினோம், பை 6 வெள்ளி. தண்ணீர் சேர்க்கவே தேவைப்படவில்லை. முதலில் கெட்டியாக, கலக்க முடியாதபடி இருக்கும். மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்து அடித்துப் பிசைந்தால் தானே இளகிவரும். இந்த அடித்துப் பிசைதலைத்தான் அங்கிள் பக்கத்தில் நின்று பார்த்து, இன்னும், இன்னும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்க்கும் நம் ஊர்ப் பழைய முறை பற்றி வீட்டுக்காரர் கேட்டார். நல்ல முறைதான், ஆனால் அளவு சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் இந்தச் சுவரில் சோதிக்க வேண்டாம் என்று விட்டோம்.

பூசுவதற்கு முன் செங்கல்லை இரண்டு லிட்டர் கைப்பம்பால் நனைத்தோம். இவ்வளவு நாள் காயவைத்துவிட்டு நனைப்பதா என்று கேட்கலாம். மேலோட்டமாக நனைக்காவிட்டால் செங்கல் சாந்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், சாந்து பிடிக்காது. முதல் கை 10 மில்லிமீட்டர். கரண்டியால் தடவாமல் வீசி அடித்துப் பிறகு பலகையால் இழுத்தோம். அடுத்த கைக்குப் பிடிப்பு வேண்டி, பாதி இறுகியதும் ஆணி அடித்த கட்டையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினோம். செங்கல் உடைந்து பள்ளமாக இருந்த இடது மூலையில் ஒரேயடியாக 20 மில்லிமீட்டருக்கு மேல் அப்பியதில் அங்கே மட்டும் வெடித்தது. அதைக் கொத்தி எடுத்து, பள்ளத்தைச் செங்கல் துண்டும் சாந்தும் வைத்துத் தனியாக நிரப்பி, இறுகிய பிறகு மேலே பூசினோம். பள்ளங்களை முந்தைய வாரமே நிரப்பிவிடுவதுதான் சரி.

சிமெண்டு மாதிரி இது இரவோடிரவாக இறுகாது. காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாகக் கல்லாகிறது, அதற்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். மேற்கு வெயில் ஏறிய சுவர் பிற்பகலில் சூடாகிவிடும். அதனால் நனைத்த கோணிச் சாக்குகளைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் கைப்பம்பால் தெளித்தோம். மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்ப விடவில்லை. இரண்டாவது கைக்கு முன் எவ்வளவு இறுகியது என்று பார்க்கவும் மஞ்சள் தண்ணீரே உதவியது. ஆணியால் ஒரு ஓரத்தில் கீறி ஒரு சொட்டு விட்டால், இன்னும் பச்சையாக உள்ள உள்பக்கம் சிவக்கும், இறுகிய மேற்பக்கம் அவ்வளவாகச் சிவக்காது. அந்தச் சிவப்புக் கோடு வாராவாரம் உள்ளே தள்ளிப் போவதைப் பார்ப்பது எனக்கு மிகப் பிடித்த வேலையாகிவிட்டது.

இரண்டாவது கை 8 மில்லிமீட்டர், மணலைச் சலித்து. மரப் பலகையால் வட்டமாகத் தேய்த்து முடித்தோம். இரும்புக் கரண்டியால் பளபளவென்று இழைத்தால் மேல் தோல் அடைத்துக்கொள்ளும்.

நிறத்துக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது, அடித்தால் மறுபடியும் மூடி போட்ட கதைதான். மிச்சச் சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, வடிகட்டி, வெள்ளை அடித்தோம். மெல்லிசாக ஐந்து கை. அடிக்கும்போது தெளிவாக, ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். காய்ந்த பிறகுதான் வெண்மை வரும். சின்னவளுக்கு லெய்த் தெருவில் இருக்கும் சியோங் ஃபாட் ஸீ மாளிகையின் நீலம் வேண்டும் என்று ஆசை. அதுவும் சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து அடித்ததுதான். சாமி மேடைக்குப் பின்னால் மஞ்சள்தான் மங்களம் என்று அத்தை. சமையல் மஞ்சள் சுண்ணாம்பில் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் சுண்ணாம்பைத் தாங்கும் இரும்பு ஆக்சைடு மஞ்சள் பொடி சிறிது கலந்தோம். சின்னவளுக்கு மாடிச் சுவர் ஒன்றை நீலமாக அடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மேடையைச் சித்திரைப் புத்தாண்டுக்கு வைத்தோம். சுவரில் ஆணி அடிக்கவில்லை. தரையில் நிற்கும் தேக்குச் சட்டம், சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, பின்னால் காற்று போக. அத்தை அந்த இடைவெளியைப் பார்த்து முதலில் முகம் சுளித்தார். சாமிக்கும் காற்று வேண்டும்தானே என்று பெரியவன் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

நீர் புகாத பூச்சுக்குப் போட்ட பணத்தைத் தவிர்த்து, வெளி வேலை, வயர்மேன், சுண்ணாம்பு, மணல், சல்லி, குழாய், உளிகள், பாதுகாப்புச் சாமான், ஈரமானி எல்லாம் சேர்த்து 780 வெள்ளி அளவில் முடிந்தது. நிறப்பொடியும் தேக்குச் சட்டமும் இதில் சேராது. எங்கள் உழைப்புக்குக் கணக்கு இல்லை. இதில் எதையாவது குறைக்க வேண்டும் என்றால் ஈரமானியைக் குறைக்கலாம், அலுமினியத் தாளும் கண்ணும் போதும். வெளிப்பள்ளத்துக்கான 250 வெள்ளியை மட்டும் குறைக்கவே கூடாது. தண்ணீர் வரும் வழியை மறிக்காமல் உள்ளே எவ்வளவு நல்ல சுண்ணாம்பு பூசினாலும் சில ஆண்டில் உப்பு அதையும் தின்றுவிடும். ஈரம் முழுக்கவே இல்லாமல் போய்விட்டது என்றும் நான் சொல்லமாட்டேன். அடிப்பட்டியில் ஒரு சாண் உயரத்துக்கு மழைக்காலத்தில் நிறம் லேசாக மங்கி, வெயில் வந்ததும் தெளிகிறது. ஈரம் உள்ளே தேங்காமல் வெளியே போகிறது, எனக்கு அது போதும்.

அடுத்தது சமையலறைப் பின்சுவர். அங்கே வெளித்தரை உயரம் 40 மில்லிமீட்டர், நீளம் குறைவு, ஆனால் குழாய்கள் ஓடுகின்றன. வரும் ஜனவரி வறட்சிக்கு முன்பே, நவம்பரிலேயே சுண்ணாம்பை ஊறப் போட்டுவிடப் போகிறேன். இந்தமுறை மணலையும் முன்கூட்டியே வாங்கி, சுண்ணாம்போடு கலந்து, காற்றுப் புகாமல் சாந்தாகவே சேர்த்து வைக்கலாம் என்று அங்கிள் சொல்கிறார். தொட்டிகள் வாங்கியாயிற்று.